ஐம்பது தோட்டாக்கள்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பது. மாடியிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, சாப்பாட்டு மேசை மேல் விரித்திருந்த பழைய வேட்டியும் அதன் மேல் பாகம் பாகமாகக் கழற்றி வைத்த கைத்துப்பாக்கியும். மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு, குழல், பிடியோடு கூடிய சட்டம், ஸ்பிரிங். இடைவெளிகள் ஸ்கேல் வைத்து அளந்தது போல் இருந்தன. என் தங்கையின் கணவர் எதையும் அப்படித்தான் வைப்பார்.

அவர் டெக்சாஸின் ரிச்சர்ட்சனில் ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பிரிவின் தலைவர். துப்பாக்கிக்கும் ஒரு எக்செல் தாள் வைத்திருந்தார். தேதி, சுட்டவர், சுட்ட தோட்டாக்கள், சிக்கியவை, மாற்றிய பாகம், காரணம். புதிய பாகம் எதைப் போட்டாலும் இருநூறு தோட்டா சிக்காமல் சுட்ட பிறகுதான் அந்தத் துப்பாக்கியை நம்ப வேண்டும் என்பது அவர் விதி. வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் அதைச் சொல்லியிருக்கிறார்.

அன்று அவர் மாற்றியது ரீகாயில் ஸ்பிரிங். சுட்டதும் பின்னால் போகும் ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுவது அதன் வேலை. முன்பிருந்தது மென்மையானது, ஸ்லைடு மோதி மோதிச் சட்டம் தேயும், இறுக்கமானதைப் போட்டால் துப்பாக்கி இன்னும் பல வருடம் உழைக்கும் என்றார். புது ஸ்பிரிங் வந்த உறை மேசையோரம் கிடந்தது. சென்னையில் ஒரு நாளிதழில் பதினேழு வருடம் செய்தி திருத்தியவன் நான். அச்சடித்த எதையும் படிக்காமல் விட முடியாது. வீரியம் கூடிய தோட்டாக்களுக்கு மட்டும் என்று அதில் போட்டிருந்தது. மறுநாளுக்காக அவர் வாங்கி வைத்திருந்ததோ பயிற்சிக்கான சாதாரணத் தோட்டா. வெடிப்பில் வேகம் குறைந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே விழாமல் சிக்கிக்கொள்ளும். இதெல்லாம் அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ஸ்பிரிங் வந்த உறையை அவரிடம் காட்டினேன்.

"அதெல்லாம் சும்மா சேஃப்டிக்குப் போடறது மச்சான்" என்று வாங்கிக் குப்பையில் போட்டார்.

மறுநாள் சுட வேண்டியவள் என் தங்கை. அருகிலுள்ள ஆலன் என்ற ஊரில் ஒரு கடைவரிசையில் நூலால் புருவம் திருத்தும் கடையை ஏழு வருடமாக நடத்தி வந்தாள். மூன்று வாரங்களுக்கு முன் பட்டப்பகலில் ஒருவன் கதவுக் கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து, அவள் கண்ணெதிரே கல்லாவைப் பிடுங்கிக்கொண்டு போனான். கடையை மூடிவிடு என்றார் கணவர். துப்பாக்கியை இழுப்பறையில் வைத்துக்கொள்கிறேன் என்றாள் அவள். வாக்குவாதம் பல நாள் ஓடி ஒரு நிபந்தனையில் நின்றது. துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சில் ஐம்பது தோட்டாவை, ஒன்றுகூடச் சிக்காமல், அவர் முன்னால் சுட வேண்டும். சுட்டால் தன் பெயரில் இருக்கும் கடையின் லீஸைப் புதுப்பிக்க அவர் கையெழுத்துப் போடுவார். சிக்கினால் கடை கிடையாது. முந்தைய இரண்டு சனிக்கிழமைகளிலும் அவள் பயிற்சி எடுத்தாள். ஒன்றும் சிக்கவில்லை. அது எக்செல்லில் இருந்தது.

சனிக்கிழமை காலை பிளானோ ரேஞ்சுக்கு ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவருடைய ஆபீஸ் நண்பர்கள் இருவர் கையில் காபியோடு காத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க அவர்தான் கூப்பிட்டிருந்தார்.

முதல் பத்து சுத்தமாகப் போனது. பதினான்காவதில் காலி உறை ஸ்லைடின் வாயில் செங்குத்தாக மாட்டி நின்றது. நிபந்தனைப்படி அங்கேயே முடிந்துவிட்டது. தங்கை துப்பாக்கியைக் கீழே வைக்கப் போனாள்.

"ஏன் நிறுத்தற? மீதியையும் சுடு. எனக்கு டேட்டா வேணும்."

இருபத்தொன்று, இருபத்திரண்டு, முப்பத்தேழு. ஒவ்வொரு முறையும் அவர் நண்பர்கள் பக்கம் திரும்பி விளக்கினார். மணிக்கட்டு தளர்ந்தால் இப்படித்தான் ஆகும், துப்பாக்கியில் குறை இல்லை, பிடிக்கிற கையில்தான் குறை.

"ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சீங்களா அண்ணி? வெக்கலைன்னா அது கோச்சுக்கும்" என்றார் ஒரு நண்பர்.

"வெச்சா, வெச்சா. அது ஒண்ணுதான் ஒழுங்கா செய்வா" என்றார் அவர். "நாள் பூரா நூல் இழுக்கற கை. வேற என்ன வரும்?"

அந்தக் கை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடுத்தவர் கண்ணிமைக்கு மேல் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது முடிந்தபோது ஆறு சிக்கியிருந்தன. இலக்குத்தாளில் விழுந்த ஓட்டைகள் அத்தனையும் ஒரு காபித் தட்டுக்குள் அடங்கும்.

பிறகு, எப்படிப் பிடிப்பது என்று காட்ட அவர் பத்து தோட்டா போட்டுக்கொண்டார். தங்கை குனிந்து காலடியில் கிடந்த உறைகளைக் கூட்டினாள். நண்பர்கள் அவளுடைய இலக்குத்தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவதில் சிக்கியது. அவர் உடம்பைத் தடுப்பின் பக்கம் திருப்பி, ஸ்லைடை இழுத்து உறையைத் தட்டிவிட்டார். இரண்டு நொடி. தலை நிமிர்ந்தபோது நான் பார்ப்பதைப் பார்த்தார்.

மீதியையும் சுட்டுவிட்டு, "பாத்தியா? ஒண்ணும் சிக்கல" என்றார் தங்கையிடம்.

அவள் காது மூடியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். இரண்டடி தள்ளி அவர் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீ பக்கத்துலயேதான் நின்ன. உண்மையச் சொல்லு. என் கை ஆடுச்சா?"

நான் அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டவள் அவள். வேலை கிடைக்காமல் நான் தங்கியிருந்தது அவர் வீட்டு மாடியறை.

"கொஞ்சம் ஆடுச்சும்மா."

அவள் தலையாட்டினாள். உறைகளைத் தொட்டியில் கொட்டிவிட்டு எங்களுக்கு முன்னால் காருக்கு நடந்தாள். திரும்பும் வழியில் டோல்வேயில் அவரும் நானும் மதியம் என்ன சாப்பிடலாம் என்று பேசினோம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் லேப்டாப்பைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "மச்சான், நீங்க பேப்பர்காரரு. இங்கிலீஷ் சரியா இருக்கா பாருங்க." பார்த்தேன். சிக்கியவை, ஆறு. காரணம், பயன்படுத்துபவரின் தவறு. மாற்றிய பாகம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அவர் சுட்ட பத்துக்கு வரிசையே இல்லை.

பிழை ஒன்றும் இல்லை என்றேன்.

திங்கட்கிழமை லீஸ் காலாவதியானது. கடை நாற்காலியையும் கண்ணாடியையும் நானும் அவளும் காரில் ஏற்றினோம். வழியில் அவள், இன்னும் நாலு வாரம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்றாள். அடுத்த சனிக்கிழமை அவர் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு இருநூறு தோட்டா சுட்டார். ஒன்றும் சிக்கவில்லை.

அந்தக் கடையில் இப்போது பபிள் டீ விற்கிறார்கள்.