காஜிதானி சுமியேயின் பெயர்ப்பலகை

ஹினோசாகி துறைமுகத்தில் தீவுக் கப்பல் வந்து நின்றால், நகருக்குள் போக ஒரே ஒரு பேருந்துதான். ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே நாள் முழுக்கப் போய் வரும். அதை ஓட்டுகிறவர் காஜிதானி சுமியே. நான் கப்பல் முனையத்தில் விசாரணை மேசையில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். படித்தது சமூகவியல். செய்வது, "பஸ் வலது பக்கம் நிக்கும்" என்று கை காட்டுவது.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவர் வெள்ளைக் கையுறை விரலை நீட்டி, "வலப்பக்கம் சரி, முன்பக்கம் சரி" என்று வாய்விட்டுச் சொல்லுவார். அதற்கு மேல் யாரிடமும் பேச்சு கிடையாது.

இந்தக் குளிர்காலத்தில், பேருந்துக்குள் ஓட்டுநர் தலைக்கு மேலே மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றச் சொல்லி நிறுவனத்திலிருந்து உத்தரவு வந்தது. பயணிகள் பெயரைப் பார்த்து வைத்துக்கொண்டு இணையத்தில் திட்டுகிறார்களாம். மற்றத் தடங்களின் ஓட்டுநர்களுக்கு நிம்மதி. காஜிதானி சான் மட்டும் கழற்றவில்லை. (வெளியாட்களைப் பெயர் சொல்லும்போது மரியாதைக்கு 'சான்' சேர்ப்பது எங்கள் வழக்கம்.) கடைசியில் மேற்பார்வையாளர் ஓனிசுகா திருப்புளியோடு வந்தார்.

"உங்க பேரை யாரும்மா படிக்கப் போறா? நீங்க என்ன சினிமா நட்சத்திரமா?"

"படிக்கிறவங்க படிக்கட்டுமே. உங்களுக்கென்ன?"

"எனக்கென்னவா? மேலிடத்துல திட்டு வாங்கறது நான்தானே."

பலகை இறங்கியது. அன்று மதியம் சூடான டப்பாக் காப்பியோடு என் மேசைப் பக்கம் வந்த காஜிதானி சான், நான் கேட்காமலே சொன்னார்.

"என் பையன் தீவுல இருக்கான். இப்புகின்னு பேரு. இந்த மார்ச்சோட பள்ளிக்கூடம் முடிக்கிறான்."

எங்கள் நாட்டில் மணமுறிவு ஆனால் பிள்ளை ஒருவரோடு போய்விடும். மற்றவர் கண்ணில் படாமல் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்பார்கள். மழலை பேசும் வயதில் மகனை விட்டு வந்தவர், சொன்னபடியே ஒதுங்கி நின்றார். பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்பினார். பிறகு இந்தத் தடத்தையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"என் முகம் அவனுக்கு ஞாபகம் இருக்காது. அவன் இப்ப எப்படி இருப்பான்னு எனக்கும் தெரியாது. என் பேரு மட்டும் அவனுக்குத் தெரியும், அவங்க அப்பா அதை மறைக்கல. தீவை விட்டு எங்க போறதுன்னாலும் என் பஸ்ல ஏறித்தானே ஆகணும். ஏறினா அண்ணாந்து பாப்பான்னு இருந்தேன்."

மறுநாளிலிருந்து வண்டி கிளம்பும்போதெல்லாம் ஒலிவாங்கியில் சொல்லத் தொடங்கினார்: "ஓட்டுநர், காஜிதானி சுமியே."

"வானொலி நிலையம் திறந்துட்டாங்க" என்றார் ஓனிசுகா. பயணிகள் யாரும் நிமிரவில்லை. பாதிப் பேர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் வந்தது. தீவில் பள்ளி முடித்தவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் மாதம். கப்பலில் நிற்பவர்களும் கரையில் நிற்பவர்களும் வண்ணக் காகித நாடாவின் ஆளுக்கொரு முனையைப் பிடித்திருப்பார்கள். கப்பல் நகர நகர அது அறுந்துபோகும். அறுந்த துண்டுகள் பெட்டியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு எங்கள் முனையம் வரை வரும்.

பெட்டிப் பிடியில் மஞ்சள் நாடா சுற்றிய ஒரு பையன் என் மேசைக்கு வந்தான்.

"இந்த பஸ்ஸை ஓட்டுறது யாருங்க?"

யாரும் கேட்காத கேள்வி. பெயரைச் சொன்னேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பேருந்தையே பார்த்தான்.

"பலகையக் காணோமே."

"எடுத்துட்டாங்க. முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"பள்ளிக்கூடச் சுற்றுலா வந்தப்ப பாத்தேன். கடைசி சீட்டுல உக்காந்துட்டேன். இறங்கறப்ப குண்டுப் பையன் ஒருத்தன் முதுகுக்குப் பின்னால மறைஞ்சே போயிட்டேன்."

வெளியே காஜிதானி சான் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் தலைவணங்கி, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடியது. பேருந்து சரியான நேரத்துக்குக் கிளம்பிப் போனது. அவன் நகரவில்லை.

"அடுத்த நடையும் அவங்கதான்" என்றேன்.

"தெரியும்."

பெஞ்சில் உட்கார்ந்து, கடற்பாசி சுற்றிய சோற்றுருண்டையைப் பிரித்தான். வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். குடும்பம் என்ற அமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான். அவன் வந்திருப்பதைக் காஜிதானி சானிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் வாயால் சொல்ல வேண்டியதை நான் சொன்னால் அது உதவியா, அவன் கையிலிருந்து பிடுங்குவதா?

பேருந்து திரும்பி வந்தபோது என் வேலை நேரம் முடிந்திருந்தது. நான் சொல்லவில்லை. அவன் ஏறினான், பின்னால் நானும் ஏறினேன். எங்களைத் தவிர மீன்கூடையோடு ஒருவர் மட்டும். "ஓட்டுநர், காஜிதானி சுமியே" என்ற குரல் கேட்டது. கடைசி இருக்கையில் அவன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிடங்குகள், பாலம், கடைத்தெரு என்று வழி போனது.

ரயில் நிலையத்தில் நான் முதலில் இறங்கி நடைபாதையில் நின்றேன். அவன் கடைசியாக வந்து கட்டணப் பெட்டி அருகே கொஞ்சம் நின்றான். ஏதோ சொன்னான். அவர் தொப்பியைத் தொட்டார். அவன் இறங்கி, என்னைப் பார்க்காமல் நிலையத்துக்குள் நடந்தான்.

கதவு திறந்தே இருந்தது. கிட்டே போனேன். ஸ்டீயரிங்கில் இருந்த கையுறைகள் அசையவில்லை.

"எல்லாரும் நன்றின்னு சொல்லித்தான் இறங்குவாங்க. அவன், 'நன்றி, காஜிதானி சான்'னான். பேரைச் சேர்த்து யாரும் சொன்னதில்ல."

"கூப்பிட்டு வரட்டுமா? ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு."

கண்ணாடியில் நிலைய வாசலைப் பார்த்தார். கூட்டம்தான் தெரிந்தது.

"சானாம்" என்று லேசாகச் சிரித்தார். "அம்மான்னு கூப்பிட்டிருந்தா வண்டிய விட்டு இறங்கியிருப்பேன். வேணாம் விடு. துறைமுகத்துல ஆளு நிக்கும்."

சுற்றுலாவின்போதே அவன் பலகையைப் பார்த்துவிட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை நீட்டிவிட்டார். "வலப்பக்கம் சரி. முன்பக்கம் சரி."

கதவு மூடியது. பேருந்தில் ஒருவரும் இல்லை. வளைவில் திரும்பும்போது பார்த்தேன், ஒலிவாங்கிக்கு அருகே அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.