அட்டையில் அச்சடித்த கீபோர்டு

அச்சு மையின் மண்ணெண்ணெய் நெடிதான் எனக்குத் தெரிந்த முதல் சங்கீதம். சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டிய அப்பா, என் ஏழாவது வயதில், பொம்மைக் கம்பெனி ஒன்றின் ஆர்டருக்கு அச்சடித்து ஒதுக்கிய "வேஸ்ட்" அட்டை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். விரித்தால் ஒரு கீபோர்டு படம், நிஜத்தின் அளவிலேயே, வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையுமாகப் பளபளத்தது. சர்ச்சில் டீச்சர் வாசிப்பதைப் பார்த்ததிலிருந்து கீபோர்டு, கீபோர்டு என்று நான் அப்பாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்ததற்கு அவர் கண்டுபிடித்த வழி அது.

நர்ஸான அம்மா "நைட் டூட்டி" முடித்துவிட்டுப் பகலில் தூங்குவாள். எங்கள் வீட்டில் தட்டு உருண்டால்கூட அடி விழும். "இதுல பழகு தாயி. சத்தமும் வராது, அம்மாவும் தூங்கிக்கிடுவா. விரலு பழகிட்டா நெசமானதே வாங்கித் தாரேன்" என்றார் அப்பா. நம்பினேன். டீச்சரின் கை போகிற போக்கை ஞாயிறுதோறும் தூரத்திலிருந்து பார்த்து வந்து, பாட்டை வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டு, இரண்டு வருஷம் அந்த அட்டையைத் தட்டினேன். ஓரம் பிய்ந்தபோது மைதா பசை தடவி ஒட்டினேன்.

கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வாசிக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று டீச்சர் கேட்டதும் அப்பா முந்திக்கொண்டார். "எம் பொண்ணு ரெண்டு வருசமாப் பழகிக்கிட்டு இருக்கா டீச்சர், உக்கார வச்சுப் பாருங்க." உட்கார்ந்தேன். கை வைத்த இடமெல்லாம் தப்பு. அட்டைக்குப் படம் வரைந்த புண்ணியவான் கீபோர்டைக் கண்ணால் கண்டதில்லை போலிருக்கிறது. இரண்டு வெள்ளைக்கு நடுவே ஒன்று விடாமல் கறுப்பை நட்டிருந்தான். நிஜத்திலோ இரண்டு கறுப்பு, ஓர் இடைவெளி, பிறகு மூன்று என்று நின்றது. என் விரல் தேடிப்போன கறுப்பு அங்கே இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அட்டையைக் காட்டி அழுதேன். "அம்புட்டு லோடு போச்சு, ஒருத்தரும் தப்புன்னு சொல்லலையே. ஒனக்குக் கை வரலைன்னு சொல்லு" என்றார் அப்பா. நிஜக் கீபோர்டின் பேச்சு அதோடு முடிந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது அந்த அச்சகமும் இல்லை, பகலில் தூங்குகிற அம்மாவும் இல்லை. போன மாதம் விருதுநகர்க் கடை ஒன்றில் என் ஆறு வயது மகளுக்குக் கீபோர்டு வாங்கினேன். "ஹெட்போன் ஒண்ணு சேத்து வாங்கிக்கோங்க, வீட்ல யாருக்கும் தொந்தரவு இருக்காது" என்றார் கடைக்காரர். "அந்த எழவே வேண்டாம்" என்றேன், மனுஷன் பயந்துவிட்டார்.

அவள் தட்டுகிற தட்டில் தெருவே அதிர்கிறது. முப்பது வருஷம் மெஷின் இரைச்சலில் நின்று காது போன அப்பா, பேத்தியின் விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காதோரம் கையைக் குவித்து என்னிடம் கேட்டார்: "ஏ தாயி, பிள்ள வாசிக்குதா, இல்ல சும்மா தடவுதா? ஒண்ணுமே கேக்கலையே."

"எனக்கும் அப்படித்தாம்ப்பா இருந்துச்சு" என்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.