அண்ணி பேசாத மாதம்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள், அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அம்மா கொண்டுவருவதற்குள் எதிர்வீட்டு அக்காவும் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டாள். அவ்வளவு பெரிய குரல். கல்யாணக் களைப்பும் பட்டுப்புடவையின் கசகசப்புமாக உட்கார்ந்திருந்த அண்ணி, இரண்டு சொம்புகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டிலும் குடித்தாள். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம் அவளுடையது. வீட்டின் முன்னறையிலேயே விசைத்தறிகள் ஓடுமாம். அந்த இரைச்சலைத் தாண்டிப் பேசினால்தான் உப்பு வேண்டும் என்பதுகூட அடுத்தவர் காதில் விழும். தறியில்லாத எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குக் குரலைத் தணிக்கத் தெரியவில்லை. ஒடுகத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மதியத்தில் வேர்க்கடலைக் காட்டில் காற்று நடப்பதுகூடக் கேட்கும். அந்த அமைதிக்குள் அண்ணி ஒரு திருவிழாபோல வந்து சேர்ந்தாள்.

அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா வீட்டிலேயே பீடி சுற்றுவாள். அண்ணன் ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டினான். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குப் போவான். வேன் கடனில் வாங்கியது. நான் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, நர்ஸ் என்றால் என்ன வேலை என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. வெள்ளை உடுப்பு, சுத்தமான தரை, மருந்து வாசனை, யாரோ என்னை ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவது. பகலில் வருகிற தூக்கத்தில் தெரிவதுபோல அவ்வளவுதான் தெரிந்தது. அண்ணிக்கு அதுவும் பிடிக்கவில்லை. “ராத்திரி டூட்டி போட்டு சாகடிப்பாங்கடி. டீச்சருக்குப் படி, மூணு மணி ஆனா ஊட்டுக்கு வந்துடலாம்” என்பாள். அவள் சொன்னது தெருவுக்கே தெரியும் என்பதால், வழியில் பார்க்கிறவர்களும் எனக்கு டீச்சர் வேலையின் அருமையை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தேர்வு முடிவு வந்தபோது அண்ணிக்கு ஐந்தாம் மாதம். என் மதிப்பெண் நன்றாகவே இருந்தது. நர்சிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த வெயில் காலத்தில் ஒரு நாள் காலையில், துணி துவைத்துக்கொண்டிருந்த அண்ணி எழுந்து நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் கத்திக் கூப்பிடுகிறவள் அன்று கூப்பிடவே இல்லை. நான்தான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். கம்பெனியில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த அண்ணனின் வேனிலேயே வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலியாக இருந்த இருக்கைகளுக்கு நடுவே, என் மடியில் தலை வைத்து அண்ணி படுத்திருந்தாள். ஜன்னலில் மலைகளும் மின்கம்பிகளும் போய்க்கொண்டே இருந்தன. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தை தங்கவில்லை என்று வெளியே வந்து சொன்னார்கள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது என்பதால் துணைக்கு நான்தான் இருந்தேன். அந்த நாட்களை இப்போது நினைத்தால் தண்ணீருக்கு அடியில் பார்த்த காட்சிகள்போல இருக்கின்றன. பச்சைத் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கும். மின்விசிறியின் நிழல் அண்ணியின் முகத்தில் வந்து வந்து போகும். பக்கத்துக் கட்டில்களில் பிறந்த குழந்தைகள் அழும். அழும்போதெல்லாம் அண்ணி கண்ணை மூடிக்கொள்வாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் கேட்டாலும் தலையை மட்டும் அசைத்தாள்.

அந்த வார்டில் நடுத்தர வயதில் ஒரு சிஸ்டர் இருந்தார். ஒரு நாள் பிற்பகல், வேலையெல்லாம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “பிடிச்சுக்கோ” என்றார். துணியை நனைத்துப் பிழிந்து அண்ணியின் முகத்தைத் துடைத்தார். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், விரல் இடுக்குகளில் எல்லாம் துடைத்தார். பிறகு சிக்குப் பிடித்துக் கிடந்த முடியை நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சீவி, தளர்வாகப் பின்னி, தோள்மேல் எடுத்துப் போட்டார். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அண்ணியின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தபோது அதையும் வேர்வையைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டார். பேசினைப் பிடித்திருந்த எனக்குக் கை வலித்தது. ஆனால் அது முடியவே கூடாது என்று இருந்தது. நர்ஸ் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வெள்ளை உடுப்பெல்லாம் என் மனதிலிருந்து எங்கோ போய்விட்டது.

அண்ணி தூங்கிவிட்டாள் என்று நினைத்து, நான் சிஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன். ஆம்பூரில் ஒரு வருடத்தில் நர்சிங் சான்றிதழ் தருகிறார்களாம், செலவு கம்மி, வீட்டில் அதில் சேர்க்கலாம் என்கிறார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதானா என்று. அவர் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துக்கொண்டே சொன்னார். “ஒண்ணு இல்லம்மா. அதைப் படிச்சா நர்சிங் கவுன்சில்ல பேரு பதிய முடியாது. வேலை கொடுப்பாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ஊசி போட உனக்கு உரிமை கெடையாது. போடச் சொல்வாங்க. தப்பாச்சுன்னா உன் தலையில விழும். நாலு வருஷம் படிச்சா நீ நர்ஸு. அந்த ஒரு வருஷத்துல நீ துணைக்கு இருக்கற ஆளு, அவ்ளோதான்.”

வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணி பேசவில்லை. ஒரு மாதம் இருக்கும். சமைத்தாள், பெருக்கினாள், தட்டு வைத்தாள், எல்லாம் சத்தமில்லாமல். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். எங்கள் வீட்டிலிருந்து சத்தம் வராதது தெருவுக்கே பழகாத விஷயமாக இருந்தது. அம்மா பீடி இலை வெட்டும் கத்தரியின் ஓசை மட்டும் கேட்கும்.

அந்த மாதத்தில்தான் எனக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. வேலூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான்கு வருடப் பட்டப்படிப்பு. நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தான். வேன் கடன் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு கையிருப்பைத் துடைத்துவிட்டிருந்தது. “அதுவும் நர்ஸு, இதுவும் நர்ஸு. சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் சம்பாதிப்ப” என்றான். கடுமையாகச் சொல்லவில்லை, கெஞ்சுவதுபோலத்தான் சொன்னான். சிஸ்டர் சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன். “படிக்கிற எடத்துலயே கேட்டுக்கலாம்” என்றான். துக்கம் இருக்கிற வீட்டில் எனக்கு இது வேண்டும் என்று எப்படி அடம்பிடிப்பது? சரி என்றேன்.

அந்த ஒரு வருடப் படிப்பில் சேர ஆம்பூருக்குக் கிளம்பிய அன்று, “அவளயும் கூட்டினு போ, கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்” என்று அம்மா அண்ணியையும் ஏற்றிவிட்டாள். பஜாரில் ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த இடம். படியேறும்போதே தோல் வாசனை கூடவே ஏறி வந்தது. உள்ளே வெள்ளைக் கோட்டு அணிந்த பெண்களின் புகைப்படங்கள். மூலையில் பாடம் நடத்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை. மேசைக்குப் பின்னாலிருந்தவர் மரியாதையாகவே பேசினார். படித்து முடித்ததும் வேலைக்கு அவரே ஏற்பாடு செய்வாராம். அண்ணன் சட்டைப் பையில் கை விட்டான்.

“இவ ஊசி போடலாமா, கூடாதா?”

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் விரல் நின்றது. அண்ணிதான். அந்தப் பழைய, தறிச் சத்தத்தைத் தாண்டி வருகிற குரல்.

“இன்னாம்மா கேக்கறீங்க?” என்றார் அவர்.

“இங்க படிச்சுட்டு வெளிய போனா, ஒரு நோயாளிக்கு ஊசி போட இவளுக்கு ரைட்டு இருக்கா, இல்லயா?”

“எல்லாரும் போட்டுனுதாம்மா இருக்காங்க.”

“போடறாங்க. ரைட்டு இருக்கா?”

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பொய் சொல்ல வராத மனிதர் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். “சட்டப்படி பாத்தா இல்லம்மா. ஆனா வேலை நிச்சயம்” என்றார்.

அண்ணி அண்ணனிடம், “எழுந்திருங்க, போலாம்” என்றாள்.

அன்று ஆஸ்பத்திரியில் அண்ணி தூங்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள் என்பது எனக்கு அந்த மாடிப்படியில் இறங்கும்போதுதான் புரிந்தது. வேனில் ஏறியதும் அண்ணன் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். “நாலு வருஷத்துக்கு எங்க போறது? நீயே சொல்லு.”

“நான் கம்பெனிக்குப் போறேன். உங்க வண்டியிலதானே அத்தினி பொம்பளைங்க போறாங்க? நானும் ஒரு சீட்டுல உக்காந்துக்கறேன்.”

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. தன் மனைவியைத் தானே வேலைக்கு ஏற்றிப்போவதா, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவனுக்கு. உடம்பு தேறட்டும் என்று அம்மா சொன்னதற்கு மட்டும் அண்ணி சம்மதித்தாள். உடம்பு தேறியதும் ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் சேர்ந்துவிட்டாள். கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் கேட்டோம். பலமுறை அலைந்த பிறகு கிடைத்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்கான சலுகையும் இருந்தது. விடுதிச் சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் அண்ணியின் சம்பளம். பல வாரம் அண்ணன் அவளோடு பேசவில்லை. தினமும் விடியலில் அவன் ஓட்ட, பின்னால் ஜன்னலோர இருக்கையில் அவள் உட்கார்ந்து போவாள். புருஷன் பெண்டாட்டிச் சண்டையை வேன் முழுக்கப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் ஒரு மழை நாளில், ஜன்னலைச் சாத்து என்று அவன் சொன்னானாம். “என்கிட்டயா சொன்னீங்க?” என்று அவள் கேட்க, வேனே சிரித்துவிட்டதாம்.

நான் விடுதிக்குக் கிளம்பிய நாள் இப்போதும் கனவில் வருகிறது. அதே வேனில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பனி மூடிய சாலை. ஊருக்கு ஊர் இருட்டிலிருந்து பெண்கள் ஏறினார்கள். மல்லிகையும் தேங்காய் எண்ணெயும் கலந்து மணந்தது. ஏறியவர்கள் முன்பின் தெரியாதவர்களின் தோளில்கூடச் சாய்ந்து உடனே தூங்கிப்போனார்கள். அண்ணியும் என் தோளில் தூங்கினாள். யாரும் பேசாமல், எல்லோரும் ஒரே தூக்கத்துக்குள் மிதந்துகொண்டு போவதுபோல இருந்தது. நான் மட்டும் விழித்திருந்தேன். கம்பெனி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். ஒரே மாதிரி நீலக் கோட்டுகள். பனிக்குள் போன அந்தக் கூட்டத்தில் எது அண்ணி என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்தி மட்டும் திரும்பிக் கையை ஆட்டினாள். பிறகு அண்ணன் என்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

நான்கு வருடம் படித்தேன். பதிவும் செய்தேன். இப்போது வேலூரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. கல்விக் கடனை என் சம்பளத்திலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணிக்கு அடுத்து ஒரு மகன் பிறந்தான், பள்ளிக்குப் போகிறான். அவள் அதே கம்பெனியில் இன்று சூப்பர்வைசர். அந்த முதல் குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை.

போன மாதம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் மொட்டை மாடியில் நானும் அண்ணியும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். மலைமேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. என் வார்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று கேட்டாள். சொன்னேன். குழந்தை தங்காமல் போகிறவர்களும் வருவார்களா என்றாள். வருவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்கு துணியில சுத்தி எடுத்துனு போய்ட்டாங்க. எனக்குக் காட்டல. நானும் கேக்கல” என்றாள். “நீ அங்க நர்ஸா இருந்திருந்தா காட்டியிருப்பியா?”

“பாக்கறீங்களான்னு கேட்டிருப்பேன் அண்ணி. இப்ப எல்லார்கிட்டயும் கேக்கறேன்.”

அவள் கையிலிருந்த கடலையை உடைக்காமல் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

“பாத்திருப்பேன்” என்றாள்.