கடைசிக் காம்பராவின் கறிவேப்பிலை மரம்

“…கொற சொல்லலீங்க மிஸ். நீங்க குடுத்த கன்னு எல்லா வீட்லயும் நல்லா வந்திருச்சு. சந்தோசந்தான். ஆனா இப்ப என் வாசலுக்கு யாரு வர்றா, சொல்லுங்க?”

போன வருடம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. றக்வான பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கடைசிக் காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், தனியாக இருக்கும் ஓர் அம்மா என்னிடம் இப்படிக் கேட்டார்.

நான் டவுனில் தையல் கடை வைத்திருப்பவள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடுவது இந்த லயத்து ஆட்கள்தான். நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிறுகளில் லயங்களுக்குப் போய், வீட்டுத்தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்கிறோம். பழைய உரப்பையில் மண் நிரப்பி மிளகாய் வைப்பது, மழை மண்ணை அள்ளிப் போகாமல் கல் அடுக்குவது, சமையல் கழிவை உரமாக்குவது, இவ்வளவுதான் எங்கள் பாடம். சம்பளம் கிடையாது. ஆனால் எந்த வாசலில் நின்றாலும் ஒரு பிளேன்டீ வந்துவிடும்.

நாங்கள் முதலில் போனபோது அந்த லயத்திலேயே கறிவேப்பிலை மரம் இருந்தது இந்த அம்மா வீட்டில் மட்டும்தான். எங்கள் பக்கம் சிங்களத்தில் சொல்வதுபோல கரப்பிஞ்சா என்றே சொல்லிப் பழக்கம். பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள், அடுப்பு மூட்டுமுன் அவர் வாசலுக்கு வந்து ஒரு கொத்து ஒடித்துப் போவார்கள். அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை. ஒரே மகனுக்குக் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கு வந்தால் உண்டு.

“நாங்க ஒரு கொத்துதான் கேப்போம் மிஸ். இந்தக்கா ஊருக் கதையெல்லாம் சொல்லித்தான் விடும். அதுக்குள்ள அடுப்புல பருப்பு தீஞ்சிரும்!” என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

“அப்ப நாளைக்கு வராம இருந்து பாருடி!” என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும், ஒரு லயமே ஒற்றை மரத்தை நம்பி இருப்பதா என்று மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை வீட்டுக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். கொடுத்துவிட்டு வேறு தோட்டங்களுக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்த அந்த ஞாயிறு, எல்லா வாசலிலும் கன்று இடுப்புக்கு மேல் நின்றது. பெருமையாகத்தான் நடந்து வந்தேன். கடைசிக் காம்பராவில் அந்த அம்மா என்னைத் தன் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். முன்பெல்லாம் ஆள் கை பட்டு மொட்டையாக இருந்த கீழ்க்கிளைகள் இப்போது அடர்ந்து தரையைத் தொட்டன. ஒடிப்பாரில்லாமல் இலைகள் பழுத்துக் கிடந்தன. அங்கே நின்றுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“நீங்க கூப்பிட்டா வர மாட்டாங்களாம்மா?” என்றேன்.

“வருவாங்க. சும்மா கூப்பிட்டு என்னான்னு பேசுறது? இல ஒடிக்க வந்தா பேச்சு தன்னால வரும். இப்ப சாயங்காலமானா ரேடியோக்காரந்தான் பேசுறான். நான் பேசுனா அவனுக்குக் கேக்கவா போகுது?”

 

இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குக் கன்று கொடுக்குமுன், அதை அவர்கள் இதுவரை யார் வாசலில் போய்க் கேட்டார்கள் என்று விசாரிக்கிறேன். ஒருவருக்கு இல்லாத ஒன்றுதான் இன்னொருவருக்குத் துணையாக இருந்திருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அன்று அந்த அம்மா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தழைத்துத் தொங்கும் தன் மரத்தைத் தாண்டி, பக்கத்துக் காம்பரா வாசலுக்குப் போனார். “தங்கச்சி, கரப்பிஞ்சா ஒரு கொத்து இருந்தா குடேன்” என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து பதில் வருமுன்பே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.