பதினான்காம் வாரத்துக்கு விட்ட இடம்

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுதும் தாயும் மகளும் தைத்துக்கொண்டிருந்தார்கள். தைத்தது துணி அல்ல. வாரப் பத்திரிகையில் முப்பத்தோரு வாரம் வந்த ஒரு தொடர்கதை. மலையம்மாள் கிழித்துச் சேர்த்திருந்த தாள்களை மகள் கல்யாணசுந்தரி அடுக்கி, காம்பஸ் முனையால் ஓரத்தில் ஏழு துளை போட்டாள். மலையம்மாள் கோணி ஊசியில் சணல் கோத்து இழுத்தாள். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். அட்டைக்கு, மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகள்.

பதினான்காம் வாரம் மட்டும் இல்லை. பத்திரிகையை வாங்குகிறவள் இரண்டு தெரு தள்ளியிருந்த சுபைதா. அவள் படித்துவிட்டுத்தான் மலையம்மாளுக்குக் கொடுப்பாள். அந்த வாரத்து இதழில் அவள் வீட்டில் யாரோ கருவாடு மடித்துவிட்டார்கள்.

“எடம் விட்டுத் தையி” என்றாள் மலையம்மாள். “வியாழக்கெழமை காரைக்குடியில அல்லாபிச்சை பழைய பேப்பர் கடையில கேட்டு வாங்கியாரேன். எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு.”

கல்யாணசுந்தரி வரைபடத் தாளில் விரலகலத் துண்டு ஒன்றை வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைத்தாள். பக்கம் வந்ததும் அதில் ஒட்டிக்கொள்ளலாம். மறுநாள் காலை பஸ்ஸில் சிவகங்கை போனாள். அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் கட்டட வரைவாளர் வேலை.

புதன்கிழமை மலையம்மாள் இறந்துபோனாள்.

கணவன் செத்த 1961இல் அவள் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டின் சாவிக்கொத்தை வாங்கினாள். வீட்டுக்காரர்கள் சென்னையில். கல்யாணம், சடங்கு என்றால் வருவார்கள். நான்கு நாளில் போய்விடுவார்கள். மற்ற நாளெல்லாம் முப்பத்தெட்டு அறைகளைத் திறந்து, காற்றாட விட்டு, பெருக்கி, பூட்டுவது அவள் வேலை. ஒரு கல்யாணம் முடிந்து குப்பை அள்ளும்போதுதான் முதல் வாரப் பத்திரிகை கிடைத்தது. அதில் ஒரு பழைய பங்களா, ஒரு பூட்டிய அறை, மழையில் வந்து சேரும் ஒரு பெண். ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். கதை பாதியில் ‘தொடரும்’ என்று நின்றது. மீதியைத் தேடிப் போனபோதுதான் சுபைதா பழக்கமானாள்.

பதினைந்து வருஷத்தில் பத்தொன்பது கதை தைத்தாள். எல்லாம் பழைய வீட்டுக் கதைகள். எல்லாவற்றின் மேலும் அவளுக்குக் கோபம். “இத எழுதுனவன் ஒரு நா வந்து நம்ம வீட்டுக் கதவத் தள்ளிப் பாக்கட்டும், தோள்பட்டை எறங்கிப்போகும். தானாத் தெறக்குதாம்ல” என்பாள். காற்றில் மெழுகுவத்தியோடு நடக்கும் கதாநாயகிகளை அவளுக்கு ஆகவே ஆகாது. அரிக்கேன் விளக்கு எதற்கு இருக்கிறது? சாவிக்கொத்து வைத்திருப்பவள் எந்தக் கதையிலும் ஒல்லியாக, சிரிக்காதவளாக, கொலைக்கு உடந்தையாக இருந்தாள். மலையம்மாள் குண்டு. சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

அப்புறம் ஏன் படிக்கிறாய் என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

“பூட்டுன வீட்டுக்குள்ள ஒரு பொம்பளைக்கு என்ன ஆச்சுன்னு அதுல ஒருத்தராச்சும் வந்து கேக்குறாகள்ல” என்றாள் மலையம்மாள். “அதுக்குத்தேன்.”

புதன் காலை பத்து மணிக்கு மாடி சன்னல்களைத் திறக்கப் போயிருக்கிறாள். மதியம்வரை காணோம் என்று தேடி வந்த சுபைதா, மரப்படியின் அடியில் அவள் கிடப்பதைப் பார்த்தாள். இடுப்பில் அந்த வாரத்துப் பத்திரிகை மடித்துச் செருகியிருந்தது. ஊருக்கு அது போதுமாக இருந்தது. வீட்டுக்காரர்கள் சார்பில் காரைக்குடியிலிருந்து வீட்டுக் காரியங்களைப் பார்த்துக்கொண்ட உடையப்பன், பேய்க்கதை படித்துப் படித்து மனம் பேதலித்து, எதையோ கண்டு பயந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊரே அதைச் சொன்னது. பிணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கல்யாணசுந்தரியிடமே ஒருத்தி, “படிக்காதன்னு நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.

நான்காம் நாள் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்குமுன் அவள் தனியாக அந்த வீட்டுக்குள் போனாள். மாடிப்படியில் பதினெட்டுப் பலகை. பதினேழு, கால் பட்டுப் பட்டுக் கருத்தவை. ஒன்பதாவது வெள்ளைவெளேரென்று புதிது. ஆணித் தலைகள்கூட மின்னின.

அந்தப் படியை அவளுக்குத் தெரியும். ஓடு உடைந்து மழைத்தண்ணீர் இறங்கி அது இற்றுப்போனதென்று அம்மா சொல்லச் சொல்ல, உடையப்பனுக்கு இரண்டு வருஷத்தில் இரண்டு கார்டு எழுதியவள் அவளே. தையில் கல்யாணம் வருகிறது, அப்போது பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது. இரண்டு வருஷம் வராத தச்சன் மூன்று நாளைக்குள் வந்து போயிருக்கிறான்.

பழைய பலகை கொல்லையில் விறகோடு கிடந்தது. இரண்டு துண்டு. அளவு நாடாவை எடுத்து அளந்தாள். ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் கால் அங்குலம் மரம், மீதி கறையான் மண். மேல்பக்கம் மட்டும் முழுசாகத் தெரிந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து அதைப் பளபளப்பாக வைத்திருந்தவள் மலையம்மாள்தான்.

இரண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். உடையப்பன் டீக்கடையில் இருந்தார். பெஞ்சில், அவர் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது என்னத்தா?”

“ஒம்பதாம் படி.”

அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். “வீட்டுல எடுத்துப் பேச வேண்டியத ரோட்டுல பேசாத. எறந்தவுகள வச்சு வழக்குப் பண்ணக்கூடாது.”

“வழக்கு இல்லீங்கய்யா. எங்கம்மா பேயப் பாத்துப் பயந்து விழுந்துச்சுன்னு இங்க உக்காந்துதான சொன்னீக? அப்பத் தச்சன எதுக்கு வரச் சொன்னீக? பேய் ஏறி எறங்கவா?”

யாரோ சிரித்து, அதை டீயில் முழுங்கினார்கள். உடையப்பன் பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அது பொலபொலவென்று உதிர்ந்தது. விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“பதினஞ்சு வருசம் அம்புட்டு வீட்டுல ஒத்தையா இருந்துச்சு” என்றார் டீக்கடைக்காரர், யாரையும் பார்க்காமல். “அதுவா பயப்படும்?”

சாவிக்கொத்தைப் பலகையின் மேல் வைத்துவிட்டுக் கல்யாணசுந்தரி திரும்பினாள். அதற்குப் பிறகு கண்டனூரில் அவள் காதுபட யாரும் ‘பயந்து’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. மன்னிப்பு என்றும் யாரும் சொல்லவில்லை. தையில் அந்த வீட்டில் கல்யாணம் நடந்தது. ஒன்பதாம் படிக்கும் கருப்பு வர்ணம் அடித்தாயிற்று என்று சுபைதா சொல்லி அனுப்பினாள்.

தைத்த புத்தகம் சிவகங்கையில் அவள் வரைமேசையின் இழுப்பறையில் இருக்கிறது. பதின்மூன்றாம் வாரத்துக்கும் பதினைந்தாம் வாரத்துக்கும் நடுவே அந்த வெள்ளைத் துண்டு, பசை தடவாமல் நிற்கிறது. அல்லாபிச்சை எடுத்து வைத்தாரா என்று கேட்க, வியாழக்கிழமை காரைக்குடிக்கு யாரும் போகவில்லை.