இல்லம் சோடித்த வலை

மகளின் வகுப்பு ரீச்சரோடு நல்லபடி இருந்தால் பிள்ளையைக் கவனிப்பார் என்று நினைத்தேன். அதனால், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு, மகளின் அணி இருக்கும் கொட்டிலான இல்லத்தைச் சோடிக்க என் மீன்வலை வேண்டுமென்று அவர் கேட்டதும் கொடுத்தேன். இரண்டு நாள் கடலுக்குப் போகாமல் மைதானத்தில் நின்று, தடியாலும் ஓலையாலும் ஒரு வள்ளமும் கட்டினேன்.

சோடனையில் எங்கள் இல்லத்துக்குத்தான் முதலிடம். கேடயத்தோடு ரீச்சர் வலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தார். பிறகு கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, உந்த வலையைக் கெதியாய்க் கழட்டிக்கொண்டு போங்கோ. மீன் மணக்குது."

"ஓம் ரீச்சர்" என்றேன். அந்த ஓமை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

வலை மடிக்க என்னோடு நின்ற மகள், மெல்லத் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள்.