பூட்டிக் கிடந்த கோயிலின் திறப்பு

பாகிஸ்தானில் சிவன் கோயில் இருக்கிறது என்று, யாழ்ப்பாணத்தை விட்டு வெளிநாடு வந்து நாங்கள் குடியேறிய வெஸ்ட்மீட்டில், எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த பாகிஸ்தான் அங்கிள் சொன்னபோது நான் நம்பவில்லை. புளுகுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? அப்போது 2011, எனக்குப் பத்து வயது. அங்கிள் போனில் படம் காட்டினார். சக்வால் பக்கத்தில் அவருடைய ஊர். மலையடியில் ஒரு குளம், கரையில் பழைய கோயில், சற்றுத் தள்ளி ஒரு தர்கா. குளத்துத் தண்ணீர் சிவன் அழுத கண்ணீராம். அதில்தான் அங்கிள் நீச்சல் பழகினாராம். தர்காவில் வியாழன்தோறும் விளக்கேற்றுவார்கள், கோயில் பூட்டியே கிடக்கும் என்றார்.

எனக்குக் கேள்வி பொத்துக்கொண்டு வந்தது. ஐயர் எங்கே? பொங்கல் யார் தருவது? பூட்டைத் திறக்கும் திறப்பு யாரிடம்? கடைசிக் கேள்விக்கு அங்கிள் மேலே போய் ஒரு சாண் நீள இரும்புத் திறப்பைக் கொண்டுவந்தார். இந்தியா பிரிந்தபோது, கோயிலைப் பார்த்துவந்த இந்துக் குடும்பம் அவருடைய பாட்டனாரிடம் கொடுத்துவிட்டுப் போனதாம்.

பிளாக்டவுன் கடைகளில் காணும் இந்தியர்களிடமெல்லாம் அவர் ஊர் விசாரிப்பது ஏன் என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் ஆட்களும் "ஊரிலை எவடம்?" என்றுதான் தொடங்குவார்கள், அது கலியாணப் பேச்சில் போய் முடியும். அங்கிளுக்கோ அந்தக் குடும்பத்தின் பேரன் பேத்தி யாராவது அகப்பட மாட்டார்களா என்ற ஆசை.

அகப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்போடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தனக்கு வயதாகிவிட்டது, நீங்களும் சிவனைக் கும்பிடுகிறவர்கள்தானே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. நான்தான் மொழிபெயர்ப்பாளர். எனக்கு அதில் பெருமையோ பெருமை.

"போகேக்கை அந்தச் சனம் என்ன சொன்னதாம் எண்டு கேள்" என்றார் அம்மா.

கேட்டேன். "போயிட்டு வாறம் எண்டு சொன்னவையாம், அம்மா."

அம்மா கதிரையை விட்டு எழுந்து குசினிக்குப் போனார். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் எந்நாளும் கிடக்கும் ஒரு திறப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அது ஊரில் எங்கள் வீட்டுத் திறப்பு என்றே நான் நினைத்திருந்தேன்.

"இது பக்கத்து வீட்டு முஸ்லிம் சனத்தின்ரை. தொண்ணூறிலை இயக்கம் யாழ்ப்பாணத்தை விட்டு அவையளை வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கு என்ரை கையிலை தந்தவை. அவையும் போயிட்டு வாறம் எண்டுதான் சொன்னவை. நான் வைச்சிருக்கிறன். அவரையும் வைச்சிருக்கச் சொல்லு."

சொன்னேன். அங்கிள் தன் திறப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவின் திறப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அழுதார். இதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களுடைய விலாசத்தை எழுதித் தாருங்கள், பரமட்டாவில் நானே இரண்டு திறப்பையும் தபாலில் போட்டுவிடுகிறேன் என்று அம்மாவுக்குத் தமிழிலும் அங்கிளுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். வீடு என்று ஒன்று இருந்தால் விலாசம் என்று ஒன்றும் இருக்கும் என்றுதான் நம்பியிருந்தேன்.